முகப்பரு: தேய்த்தால் போகாது

வாசகர் கேள்விகளும் தோல் மருத்துவரின் பதில்களும்

ஜூன் மாதம் காலேஜ் திறந்தால் போதும், நமக்கு வருகிற கேள்விகளில் பாதிக்கு மேல் முகப்பருதான். அதனால் இந்த இதழில் வேறு எதையும் எடுக்கவில்லை. ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன், பெயர்களை எடுத்துவிட்டேன். சிலருக்கு நீளமாகப் பதில் சொல்லியிருக்கிறேன், சிலருக்கு ஒன்றிரண்டு வரிதான். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: ஒரு நாளைக்கு ஆறு தடவை சோப்பு போட்டு முகம் கழுவுகிறேன். மூக்கின் மேல் புள்ளி புள்ளியாகக் கறுப்பாக இருப்பதை ஸ்க்ரப் வைத்துத் தேய்க்கிறேன். பரு குறையவே இல்லை. "அழுக்கு சேருது, இன்னும் நல்லாத் தேய்" என்கிறார் அம்மா. என்ன செய்வது? (பிளஸ் டூ மாணவி, தேனி)

முதலில் அந்த ஸ்க்ரப்பை அம்மாவிடம் கொடுத்துவிடுங்கள், குதிகாலுக்குப் பயன்படும்.

பருவுக்கும் அழுக்குக்கும் சம்பந்தம் இல்லை. தோலில் ஒவ்வொரு முடி முளைக்கிற துவாரத்தோடும் ஒரு குட்டி எண்ணெய்ச் சுரப்பி ஒட்டிக்கொண்டிருக்கிறது. முகம், மார்பு, முதுகு, தோள் ஆகிய இடங்களில் இந்தச் சுரப்பிகள் பெரியவை, நிறைய இருப்பவை. பருவ வயது வந்ததும் ஆண்ட்ரோஜன் என்கிற ஹார்மோன் (ஆண்களுக்கு மட்டும் அல்ல, பெண்களுக்கும் சுரக்கிறதுதான்) அந்தச் சுரப்பிகளை முடுக்கிவிடுகிறது, எண்ணெய் கூடுதலாக வருகிறது. அதே நேரத்தில் துவாரத்தின் உள்சுவரில் உதிர வேண்டிய செத்த செல்கள் சரியாக உதிராமல் ஒன்றோடொன்று ஒட்டி வாயை அடைத்துக்கொள்கின்றன. உள்ளே எண்ணெய் தேங்குகிறது. அங்கே எப்போதும் குடியிருக்கிற ஒரு பாக்டீரியா, க்யூட்டிபாக்டீரியம் ஆக்னீஸ் என்று பெயர், நாங்கள் படித்த காலத்தில் அதற்கு வேறு பெயர், 2016-ல்தான் மாற்றினார்கள், தேங்கிய எண்ணெயில் செழிக்கிறது. உடம்பின் எதிர்ப்புச் சக்தி அதைப் பார்த்துச் சண்டைக்கு வருகிறது. சிவப்பு, வலி, சீழ் எல்லாம் அந்தச் சண்டைதான். நடப்பது அத்தனையும் தோலுக்குள்ளே. சோப்பு அங்கே போய்ச் சேராது.

மூக்கின் மேல் கறுப்பாகத் தெரிகிறதே, அந்த பிளாக்ஹெட்ஸும் அழுக்கு இல்லை. அடைப்பின் வாய் திறந்திருந்தால் அதில் உள்ள எண்ணெயும் மெலனின் நிறமியும் காற்றுப் பட்டுக் கறுத்துவிடுகின்றன. வாய் மூடியிருந்தால் வெள்ளையாகத் தெரியும், அதுதான் வொயிட்ஹெட். சரக்கு ஒன்றுதான்.

ஆறு தடவை சோப்பு போட்டால் தோலின் மேல்படலம் வறண்டு எரிச்சல் வரும். ஸ்க்ரப் போட்டுத் தேய்த்தால் ஏற்கெனவே வீங்கியிருக்கிற துவாரம் உள்ளேயே உடைந்து சீழ் பரவும். காலையில் ஒரு முறை, இரவில் ஒரு முறை, விளையாடியோ பஸ்ஸில் நசுங்கியோ வியர்த்து வந்தால் இன்னொரு முறை. அவ்வளவு போதும். வாசனை இல்லாத மென்மையான ஃபேஸ்வாஷ், இல்லையென்றால் சாலிசிலிக் ஆசிட் 2 சதவீதம் உள்ளது. விரல் நுனியால் தடவிக் கழுவி, துண்டால் ஒற்றி எடுங்கள். அப்புறம், எண்ணெய்ப் பசை உள்ள முகத்துக்கும் மாய்ஸ்சரைசர் வேண்டும். ஜெல்லாகவோ தண்ணீராக இளகியோ இருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். கவரில் 'நான் காமடோஜெனிக்' என்று போட்டிருந்தால் துவாரத்தை அடைக்காத வகை என்று அர்த்தம். கம்பெனிகள் அதை ஓரளவு தாராளமாகவே போட்டுக்கொள்கிறார்கள், ஆனாலும் போடாததைவிட மேல்.

கேள்வி: வயது 26. பருவுக்கும் கருந்தழும்புக்கும் என்று பக்கத்து மெடிக்கலில் ஒரு க்ரீம் கொடுத்தார்கள். மூன்றே நாளில் முகம் பளிச்சென்று ஆகிவிட்டது, ஆபீஸில் எல்லோரும் என்ன போடுகிறாய் என்று கேட்டார்கள். எட்டு மாதமாகப் போடுகிறேன். இப்போது ஒரு நாள் போடாவிட்டாலும் முகம் சிவந்து எரிகிறது, முன்பைவிட அதிகமாகப் பொரிப்பொரியாகக் கிளம்புகிறது. கன்னத்தில் பூனை முடியும் வளர்கிறது. (திருப்பூர்)

இந்தக் கேள்வியைப் படித்ததும் அந்த ட்யூபில் என்ன இருந்திருக்கும் என்று தெரிந்துவிட்டது. ஸ்டீராய்டு.

என் மேஜையில் வாரம் தவறாமல் இப்படி ஒரு ட்யூப் வந்து விழுகிறது. கடைசிச் சொட்டு வரை அடியிலிருந்து சுருட்டிச் சுருட்டிப் பிதுக்கியிருப்பார்கள், எழுத்தெல்லாம் அழிந்திருக்கும், மூடியில் மட்டும் கொஞ்சம் க்ரீம் காய்ந்து ஒட்டிக்கொண்டிருக்கும். "டாக்டர், இது ஃபேர்னஸ் க்ரீம்தான், மருந்து இல்ல" என்பார்கள். சுருளைப் பிரித்து வெளிச்சத்தில் காட்டிப் படித்தால் மூன்று பெயர் இருக்கும்: ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின், கூடவே மொமெட்டசோன் அல்லது ஃப்ளூசினோலோன். சிலதில் பீட்டாமெத்தசோன், இன்னும் மோசமானதில் க்ளோபெட்டசால். கடைசியாகச் சொன்ன நாலும் ஸ்டீராய்டுகள். கரப்பான், சொரியாசிஸ் போன்ற நோய்களுக்கு இவை அருமையான மருந்துகள், நானே தினமும் எழுதுகிறேன். மூன்று மருந்து கலந்த க்ரீமை மங்குக்காகச் சில வாரங்களுக்கு நாங்கள் எழுதுவதும் உண்டு. மாதக்கணக்கில், கேட்பாரில்லாமல், பரு வந்த முகத்தில் போடுவதுதான் ஆபத்து.

மூன்று நாளில் பளிச்சென்று ஆனதற்குக் காரணம், ஸ்டீராய்டு ரத்தக் குழாய்களைச் சுருக்கி வீக்கத்தை அமுக்கிவிடுகிறது. பரு போகவில்லை, வாயை மூடிக்கொண்டு இருந்தது, அவ்வளவுதான். அந்த மூன்று நாளை நம்பி எட்டு மாதம் போடும்போது தோல் மெலிகிறது, கன்னத்தில் நூல் நூலாக ரத்தக் குழாய் தெரிகிறது, முடி வளர்கிறது, ஸ்டீராய்டாலேயே ஒரு தனி வகைப் பரு வருகிறது. நிறுத்தினால் அமுங்கிக் கிடந்ததெல்லாம் ஒரே மூச்சில் கிளம்பும். பயந்துபோய்த் திரும்பப் போடுவீர்கள், அடங்கும். குடிப் பழக்கம் மாதிரி முகம் அதற்கு அடிமையாகிவிடுகிறது. இந்தப் பிரச்சினைக்கு 2008-லேயே நம் நாட்டுத் தோல் மருத்துவர்கள் தனிப் பெயர் வைத்துக் கட்டுரை எழுதிவிட்டார்கள், எங்கள் தோல் மருத்துவர்கள் சங்கம் இதற்கென்றே தனிக் குழு வைத்திருக்கிறது. 2018-ல் மத்திய அரசு, தோலில் பூசும் ஸ்டீராய்டு க்ரீம்களை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று விதியை இறுக்கியது. விதி புத்தகத்தில் இருக்கிறது, க்ரீம் கவுன்டரில் இருக்கிறது.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது. ட்யூபைத் தூக்கிப் போடுவதற்கு முன் அதை போட்டோ எடுத்துக்கொண்டு தோல் மருத்துவரிடம் போங்கள். எட்டு மாதம் போட்டதைச் சட்டென்று நிறுத்தினால் முதல் சில வாரம் முகம் நெருப்பாக எரியும், கண்ணாடி பார்க்கவே பிடிக்காது. எந்த வீரியம் உள்ள ஸ்டீராய்டு, எவ்வளவு நாள் போட்டீர்கள் என்பதைப் பார்த்து, அப்படியே நிறுத்தலாமா, படிப்படியாகக் குறைக்கலாமா என்று அவர் முடிவு செய்வார். எரிச்சலைத் தணிக்க ஸ்டீராய்டு இல்லாத பூச்சுகளும், சில நேரம் மாத்திரையும் இருக்கின்றன. அதுவரை சாதாரண மாய்ஸ்சரைசர், சன்ஸ்க்ரீன், இவ்வளவுதான். ஃபேஷியல் வேண்டாம், ப்ளீச் வேண்டவே வேண்டாம். சரியாகிவிடும், ஆனால் மாதங்கள் ஆகும். நடுவில் ஒரு நாள் தோழி கல்யாணம் வரும், "இன்னிக்கு ஒரு நாள் மட்டும்" என்று கை போகும். அன்றைக்குப் போட்டால் மறுபடி முதலிலிருந்துதான்.

மற்றவர்களுக்கு: எந்த முகக் க்ரீம் வாங்கினாலும் அட்டையின் இடது பக்கம் மேலிருந்து கீழாகச் சிவப்புக் கோடு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது மருந்து, அழகுப் பொருள் அல்ல. சீட்டு இல்லாமல் கொடுத்தால் வாங்காதீர்கள். லேபிளே இல்லாமல் டப்பாவில் அடைத்து பார்லரிலும் இன்ஸ்டாகிராமிலும் விற்கும் 'நைட் க்ரீம்'களைப் பற்றி நான் எதுவும் சொல்லப் போவதில்லை, சொன்னால் இந்தப் பக்கம் பத்தாது.

கேள்வி: பருவின் மேல் டூத்பேஸ்ட் வைத்தால் ஒரே இரவில் அமுங்குமாமே? (கரூர்)

பல்லுக்கு வையுங்கள். பருவில் வைத்தால் தோல் வெந்து, பரு போன இடத்தில் கறுப்புத் திட்டு மிஞ்சும்.

கேள்வி: என் மகனுக்கு 15 வயது. சிக்கன், சிப்ஸ், மாம்பழம், முட்டை என்று சூடான சாப்பாடாகவே சாப்பிடுகிறான். உடம்பு சூட்டால்தான் பரு வருகிறது என்று நினைக்கிறேன். எதையெல்லாம் நிறுத்த வேண்டும்? (இல்லத்தரசி, மதுரை)

அவனுக்கு 15 வயது என்பதுதான் முக்கியக் காரணம் அம்மா. 12 வயதிலிருந்து 24 வயதுக்குள் நூற்றில் 85 பேருக்கு ஏதோ ஓர் அளவில் பரு வரும் என்று எங்கள் பாடப் புத்தகங்கள் சொல்கின்றன. அப்பாவுக்கோ உங்களுக்கோ அந்த வயதில் நிறைய வந்திருந்தால் இவனுக்கும் வர வாய்ப்பு அதிகம்.

சாப்பாட்டுக்குச் சம்பந்தமே இல்லை என்று நாங்கள் ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தோம். இப்போது அப்படிச் சொல்வதில்லை. பப்புவா நியூ கினியாவில் கிட்டாவா என்று ஒரு தீவு. அங்கே 1,200 பேரைப் பரிசோதித்ததில் ஒருவருக்குக்கூடப் பரு இல்லை என்று 2002-ல் ஒரு ஆய்வு வெளிவந்தது. கிழங்கு, பழம், மீன், தேங்காய் என்று சாப்பிடுகிறவர்கள், மைதாவும் சர்க்கரையும் அவர்கள் சாப்பாட்டில் இல்லாத மாதிரிதான். பரம்பரையாகவே அவர்களுக்குப் பரு வராமல் இருக்கலாமே என்று கேட்கலாம், நியாயமான கேள்வி. 2007-ல் ஆஸ்திரேலியாவில் 15 முதல் 25 வயதுப் பையன்கள் 43 பேரை வைத்து, பாதிப் பேருக்கு ரத்தத்தில் சர்க்கரையை மெதுவாக ஏற்றும் சாப்பாட்டை 12 வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். அவர்களுக்குப் பரு கூடுதலாகக் குறைந்தது. சர்க்கரை சட்டென்று ஏறினால் இன்சுலின் ஏறுகிறது, அது ஆண்ட்ரோஜனையும் எண்ணெய்ச் சுரப்பியையும் தூண்டுகிறது. பாலுக்கும் பருவுக்கும் தொடர்பு இருப்பதாகச் சில ஆய்வுகள் காட்டுகின்றன. கொழுப்பு நீக்கிய பாலில்தான் அந்தத் தொடர்பு கூடுதலாகத் தெரிகிறது என்பது வேடிக்கை.

ஆக, உங்கள் பட்டியலில் சிக்கனும் முட்டையும் குற்றவாளி இல்லை, வளர்கிற பையன், சாப்பிடட்டும். மாம்பழம் சீசனில் ஒன்றிரண்டு துண்டு சாப்பிடுவதில் ஒன்றும் ஆகிவிடாது. நான் குறைக்கச் சொல்வது பரோட்டா, பிஸ்கட், கூல் டிரிங்க்ஸ், பாக்கெட் ஜூஸ், தட்டு நிறையச் சோறும் ஓரமாகக் கொஞ்சம் பொரியலும் என்கிற கணக்கு. பொரியலைக் கூட்டுங்கள், சுண்டல் கொடுங்கள். அதற்குமேல், பையன் சாப்பிட உட்காரும்போதெல்லாம் "இதைத் தின்னாதே, முகத்தைப் பார்" என்று ஆரம்பிக்காதீர்கள். அவன் முகத்தை அவன் ஏற்கெனவே உங்களைவிட நூறு மடங்கு பார்த்துக்கொண்டிருக்கிறான்.

கேள்வி: ஆறு மாதமாக ஜிம் போகிறேன், வே புரோட்டீன் எடுக்கிறேன். மார்பிலும் முதுகிலும் ஒரே அளவில் சின்னச் சின்னதாக நிறைய வந்திருக்கிறது, வியர்த்தால் அரிக்கிறது. பரு மருந்து போட்டும் போகவில்லை. (கோயம்புத்தூர்)

அரிக்கிறது என்று சொன்னீர்களே, அதுதான் துப்பு. சாதாரணப் பரு வலிக்கும், பொதுவாக இவ்வளவு அரிக்காது. பருவில் பிளாக்ஹெட், சிவப்புக் கட்டி, சீழ் என்று பல சைஸ் கலந்திருக்கும். எல்லாம் ஒரே அச்சில் வார்த்தது போல இருந்து, அரிப்பும் இருந்தால் அது முடி வேரில் மலசீசியா என்கிற ஈஸ்ட் (ஒரு வகைப் பூஞ்சை) பெருகியதால் வந்திருக்கலாம். வியர்த்த பனியனோடு உட்கார்ந்திருப்பவர்களுக்கும், ஆன்ட்டிபயாட்டிக் மாத்திரை நிறைய எடுத்தவர்களுக்கும் நம் ஊர்ப் புழுக்கத்தில் சகஜமாக வரும். அதற்குப் பூஞ்சை மருந்து வேண்டும். பரு மருந்தான ஆன்ட்டிபயாட்டிக் அதை இன்னும் கூட்டிவிடும். டாக்டரிடம் காட்டிவிட்டே தொடங்குங்கள்.

வே புரோட்டீன் பாலிலிருந்து வருவது, அது சிலருக்குப் பருவைக் கிளப்புகிறது. இரண்டு மாதம் நிறுத்திவிட்டு முட்டை, கொண்டைக்கடலை, மீன் என்று மாறிப் பாருங்கள். இன்னொன்று, டிரெய்னர் 'சப்ளிமென்ட்' என்று ஊசியோ மாத்திரையோ கொடுத்திருந்தால் அதை மறைக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள். அனபாலிக் ஸ்டீராய்டால் வரும் பரு முதுகைத் தழும்புக் காடாக்கிவிடும், மற்ற பாதிப்புகள் தனி.

கேள்வி: ஹாஸ்டலில் இருக்கிறேன். நெற்றியில் மட்டும், முடி ஓரமாக வரிசையாகப் பொரி. மற்ற இடம் சுத்தமாக இருக்கிறது. (திருச்சி)

தேங்காய் எண்ணெய் எவ்வளவு வைக்கிறீர்கள்? நெற்றியில் வழிகிற அளவுக்கு என்றால் விடை கிடைத்துவிட்டது. தலைக்குக் குளிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்னால் வைத்து, ஷாம்பு போட்டு அலசிவிடுங்கள். ராத்திரி முழுக்க ஊற வேண்டாம். தலையணை உறையை வாரம் இரண்டு தடவை மாற்றுங்கள். பொடுகு இருந்தால் அதையும் கவனியுங்கள். இரண்டு மாதத்தில் குறையும்.

கேள்வி: டாக்டர் பென்சாயில் பெராக்ஸைடும் அடாபலினும் எழுதிக் கொடுத்தார். இரண்டு வாரத்தில் தோல் உரிகிறது, பரு முன்பைவிட அதிகமாகிவிட்டது. போதாததற்கு நீலத் தலையணை உறையில் திட்டுத் திட்டாக ஆரஞ்சு நிறம். இந்த மருந்து ஒத்துக்கொள்ளவில்லையா? (ஐ.டி. ஊழியர், சென்னை)

தலையணை உறை போனது போனதுதான். பென்சாயில் பெராக்ஸைடு துணிச் சாயத்தை வெளுத்துவிடும். வெள்ளை உறை, வெள்ளைத் துண்டு வாங்கிக்கொள்ளுங்கள், போட்டுக்கொண்டு கறுப்பு டி-ஷர்ட்டைத் தலைவழியாக மாட்டாதீர்கள். இதை உங்களுக்கு முதலிலேயே யாராவது சொல்லியிருக்க வேண்டும்.

மருந்து நல்ல மருந்து. முதல் சில வாரம் பரு கூடுவது போலத் தெரிவது சகஜம். கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே உருவாகிக்கொண்டிருந்த அடைப்புகளை அடாபலின் முன்கூட்டியே மேலே கொண்டுவருகிறது. நீங்கள் இன்றைக்குப் பார்க்கிற பரு வாரக்கணக்கில் உள்ளே வளர்ந்தது, அதனால்தான் எந்த மருந்துக்கும் எட்டிலிருந்து பன்னிரண்டு வாரம் கொடுத்த பிறகே தீர்ப்புச் சொல்ல முடியும். இரண்டாவது வாரத்தில் மருந்தை மாற்றுகிறவர்கள் எந்த மருந்தின் பலனையும் பார்ப்பதே இல்லை.

ஆனால் தோல் உரிகிற அளவுக்குப் போடுகிறீர்கள் என்றால் போடும் விதத்தில் கோளாறு இருக்கிறது. பெரும்பாலோர் பரு இருக்கிற இடத்தில் மட்டும் கெட்டியாக அப்பிக்கொள்கிறார்கள். அடாபலினை அப்படிப் போடக் கூடாது. அது இனிமேல் வரப் போகிற பருவைத் தடுக்கிற மருந்து, ஆகவே முகம் முழுக்க மெல்லிசாகப் போக வேண்டும், கண்ணோரம், மூக்கு மடிப்பு, வாய் முனை தவிர. மொத்த முகத்துக்கும் ஒரு பட்டாணி அளவுதான். முகம் கழுவி, நன்றாகக் காய்ந்த பிறகு, அந்தப் பட்டாணியை நெற்றியில் ஒரு புள்ளி, கன்னத்துக்கு ஒவ்வொன்று, தாடையில் ஒன்று என்று வைத்துப் பரப்புங்கள். எரிச்சல் இருந்தால் முதலில் மாய்ஸ்சரைசர், அதன்மேல் மருந்து. ஒரு நாள் விட்டு ஒரு நாள் போதும், பழகியதும் தினமும். பென்சாயில் பெராக்ஸைடில் 2.5 சதவீதமே போதும். 10 சதவீதம் அதைவிடப் பெரிதாக எதையும் சாதிப்பதில்லை, எரிச்சல் மட்டும் அதிகம். கண் வீங்கினாலோ முகம் பொத்துப்போனாலோ அது அலர்ஜி, அன்றே நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள்.

க்ளிண்டாமைசின் ஜெல்லை மட்டும் வாங்கி வருடக்கணக்கில் தடவுகிறவர்களுக்கும் இதோடு ஒரு வார்த்தை: அது ஆன்ட்டிபயாட்டிக். தனியாகப் போட்டுக்கொண்டே இருந்தால் கிருமி பழகிவிடும். பென்சாயில் பெராக்ஸைடோடு சேர்த்துத்தான் போட வேண்டும், அதுவும் குறிப்பிட்ட காலத்துக்கு.

கேள்வி: கல்யாணம் ஆனால் பரு தானாகப் போய்விடும் என்கிறார்களே, உண்மையா? (விருதுநகர்)

கல்யாணம் ஆகிப் பருவோடு வருகிறவர்கள்தான் என் காலை நேர ஓ.பி.யில் பாதி. இருபத்தைந்து வயதுக்கு மேல் பலருக்குத் தானாகக் குறைகிறது, அந்த வயதில்தான் நம் ஊரில் கல்யாணமும் செய்கிறார்கள். பாராட்டு மாப்பிள்ளைக்குப் போய்விட்டது.

கேள்வி: வயது 31. பள்ளியில் படிக்கும்போதுகூட எனக்குப் பரு வந்ததில்லை. இரண்டு வருடமாகத் தாடையிலும் கழுத்து ஓரத்திலும் உள்ளுக்குள்ளே கட்டி கட்டியாக வருகிறது. மாதவிலக்குக்கு ஒரு வாரம் முன்னால் அதிகம். பீரியட்ஸ் இரண்டு மாதத்துக்கு ஒரு முறைதான் வருகிறது. (சென்னை)

க்ரீமை மாற்றிக்கொண்டே இருக்காமல் ஒரு ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் எடுங்கள். தாடை ஓரப் பரு, தள்ளிப்போகும் பீரியட்ஸ் இரண்டும் சேர்ந்திருந்தால் பி.சி.ஓ.எஸ். இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். நம் ஊரில் நீர்க்கட்டி என்பார்கள். மேலுதட்டில், தாடையில் முடி, தலையில் முடி கொட்டுவது, எடை கூடுவது, கழுத்து மடிப்பு கறுத்திருப்பது, இதெல்லாம் கூட இருக்கிறதா என்று கவனியுங்கள். ஒல்லியாக இருக்கிறேன், எனக்கு இருக்காது என்று விட்டுவிடாதீர்கள், ஒல்லியானவர்களுக்கும் வரும். மகப்பேறு மருத்துவரும் தோல் மருத்துவரும் பேசிக்கொண்டு வைத்தியம் செய்தால்தான் இது பிடிபடும். ஹார்மோன் மாத்திரை, ஸ்பைரோனோலாக்டோன் போன்றவை நன்றாக வேலை செய்கின்றன. குழந்தைக்கு முயற்சி செய்கிறீர்கள் என்றால் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள், மருந்தே வேறாகிவிடும். அடாபலின் போன்ற ரெட்டினாய்டு பூச்சுகளையும் கர்ப்பத்தில் தவிர்க்கிறோம். அப்போது அசெலாயிக் ஆசிட் போடலாம், தழும்பின் கறுப்பையும் அது குறைக்கும்.

கேள்வி: பாட்டி சங்கு இழைத்துப் போடச் சொல்கிறார். யூட்யூபில் எலுமிச்சைச் சாறு போடச் சொல்கிறார்கள். சந்தனம், கஸ்தூரி மஞ்சள், வேப்பிலை எது நல்லது? (தஞ்சாவூர்)

பாட்டியா யூட்யூபா என்றால் என் ஓட்டு பாட்டிக்கு. கல்லில் சங்கை இழைத்து வருகிற அந்த வெள்ளைக் குழம்பு பெரும்பாலும் சுண்ணாம்புச் சத்துதான். பருவின் மேல் காய்ந்து கொஞ்சம் எண்ணெயை உறிஞ்சும், இறுக்கிப் பிடிக்கும், குளிர்ச்சியாக இருக்கும். அடைப்பைத் திறக்காது. கொஞ்ச நேரம் வைத்துக் கழுவினால் பெரிய கெடுதலும் இல்லை. தேய்த்துக் கழுவாதீர்கள், காய்ந்த சங்கு தோலைக் கீறும். சந்தனம் நிஜமான கட்டையை இழைத்தால் பரவாயில்லை, பாக்கெட்டில் வருகிற பொடியில் வாசனையும் சாயமும் கலந்திருந்தால் அலர்ஜி வரும். மஞ்சளுக்கு வீக்கத்தைக் குறைக்கிற குணம் ஓரளவு உண்டு, ஆனால் அது மட்டும் பருவைத் தீர்க்காது. வேப்பிலையை அரைத்துக் கெட்டியாகப் பூசி எரிச்சலோடு வருகிறவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

எலுமிச்சைச் சாறு மட்டும் கூடவே கூடாது. அது கடும் புளிப்பு, அமிலம். முகத்தில் போட்டுக்கொண்டு மாடியில் துணி காயப்போடப் போனீர்கள் என்றால், எலுமிச்சையில் உள்ள ஒரு வேதிப்பொருள் வெயிலோடு சேர்ந்து தோலைச் சுட்டு, கொப்புளம் வந்து, கரும்பழுப்புத் திட்டு மாதக்கணக்கில் நிற்கும். வழிந்த இடமெல்லாம் கோடு கோடாக.

கேள்வி: பருவைக் கிள்ளியதால் கன்னம் முழுக்கக் கரும்புள்ளிகள், சில இடத்தில் குழி. இரண்டு மாதத்தில் கல்யாணம். பார்லரில் கோல்ட் ஃபேஷியல் பேக்கேஜ் சொல்கிறார்கள். (சேலம்)

கறுப்பும் குழியும் வேறு வேறு. கறுப்பு என்பது வீக்கம் ஆறிய இடத்தில் நிறமி தங்குவது. நம் மாதிரி மாநிறத் தோலுக்கு அது கட்டாயம் வரும், மாதங்கள் ஆனாலும் போய்விடும். வெயில் பட்டால் போகாது. அதனால் எஸ்.பி.எஃப் 30-க்குக் குறையாத சன்ஸ்க்ரீன், காலையில் ஒரு தடவையும் மதியம் ஒரு தடவையும். அசெலாயிக் ஆசிட் அல்லது அடாபலின் இரவில். இரண்டு மாதத்தில் முழுக்கப் போகாது, நன்றாகவே மங்கும், மிச்சத்தை மேக்கப் மறைத்துவிடும்.

குழி தானாகப் போகாது, க்ரீமாலும் நிரம்பாது. ஊசிக்குத்து போல ஆழமானதா, அகலமானதா, அலை அலையாக இருப்பதா என்று பார்த்து நுண்ணூசி சிகிச்சை, லேசர், உள்ளே பிடித்திழுக்கும் நார்களை ஊசியால் அறுத்துவிடுவது என்று செய்கிறோம். பல தடவை வர வேண்டும், ஒவ்வொரு தடவையும் ஒரு வாரமாவது முகம் சிவந்திருக்கும். கல்யாணத்துக்கு முன்னால் தொடங்க வேண்டாம், முடிந்த பிறகு நிதானமாக வாருங்கள். கோல்ட் ஃபேஷியலில் மசாஜும் க்ரீமும் ஆவியும் உண்டு, பரு முகத்துக்கு மூன்றும் ஆகாது. முகூர்த்தத்துக்கு நாலு நாள் முன்னால் ஃபேஷியல் செய்து, முகூர்த்தத்தன்று முகம் முழுக்கப் பொரியோடு வந்தவர்கள் கதை எல்லாத் தோல் மருத்துவரிடமும் இருக்கும். அந்தப் பணத்துக்கு நல்ல சன்ஸ்க்ரீன் வாங்கலாம். நகத்தை ஒட்ட வெட்டிக்கொள்ளுங்கள்.

கேள்வி: தம்பிக்கு ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை எழுதியிருக்கிறார்கள். இணையத்தில் படித்தால் பயமாக இருக்கிறது. கொடுக்கலாமா? (நாகர்கோவில்)

அமெரிக்காவில் 1982-ல் அனுமதி கிடைத்த மருந்து, நாற்பது வருடத்துக்கு மேல் புழக்கத்தில் இருக்கிறது. கட்டி கட்டியாக வந்து தழும்பு விடும் பருவுக்கு இதைவிட வலுவான மருந்து இன்றுவரை இல்லை, எண்ணெய்ச் சுரப்பியையே சுருக்கிவிடும். உதடு கட்டாயம் வறண்டு வெடிக்கும், பாக்கெட்டில் லிப் பாம் இல்லாமல் வெளியே போக முடியாது. கண், மூக்கு வறட்சி, மூட்டு வலி சிலருக்கு. தொடங்கும் முன்னும் நடுவிலும் கல்லீரல், கொழுப்புப் பரிசோதனை உண்டு. சாப்பாட்டோடு சேர்த்துப் போட வேண்டும், வெறும் வயிற்றில் போட்டால் பாதி உடம்பில் சேராது. டாக்ஸிசைக்ளின் மாத்திரையோடு சேர்த்து எடுக்கவே கூடாது. மருந்து எடுக்கும்போதும் நிறுத்தி ஒரு மாதம் வரையும் ரத்த தானம் கூடாது. மனச் சோர்வு வருமா என்பதில் இன்னும் விவாதம் இருக்கிறது, ஆகவே தம்பி வழக்கத்துக்கு மாறாக ஒடுங்கிப் போனாலோ எரிந்து விழுந்தாலோ டாக்டரிடம் உடனே சொல்லுங்கள்.

பெண்களுக்கு ஒரு விஷயத்தில் சமரசமே கிடையாது. இந்த மாத்திரை எடுக்கும்போது கர்ப்பம் தரித்தால் குழந்தைக்குக் கடுமையான ஊனம் வரும். மருந்தை நிறுத்தி ஒரு மாதம் வரை அந்த ஆபத்து உண்டு. தம்பியின் அட்டையிலிருந்து அக்கா ஒன்று எடுத்துப் போட்டுக்கொள்வது நடக்கவே கூடாது. இதைச் சும்மா எழுதவில்லை, வீடுகளில் நடக்கிறது.

கேள்வி: துணிக்கடையில் வேலை. ஸ்கின் கிளினிக்கில் முகப்பருவுக்குப் பேக்கேஜ் நாற்பதாயிரம் என்கிறார்கள், தவணையும் உண்டாம். கட்டலாமா? (திருநெல்வேலி)

கட்டாதீர்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உங்கள் ஊரிலேயே இருக்கிறது, தோல் நோய்ப் பிரிவு உண்டு, ஓ.பி.யில் காசு கிடையாது. சாதாரணப் பருவுக்கு மேலே சொன்ன பூச்சுகளை வெளியில் வாங்கினால்கூட மாதத்துக்குச் சில நூறு ரூபாய்க்குள் முடியும். தனியாரிடம்தான் போவேன் என்றால் போர்டில் பெயருக்குப் பின்னால் என்ன படிப்பு என்று படியுங்கள்: எம்.பி.பி.எஸ்.ஸுக்கு மேல் எம்.டி. (டி.வி.எல்.) அல்லது அதற்கு இணையான தோல் படிப்பு இருக்க வேண்டும். 'காஸ்மெட்டாலஜிஸ்ட்' என்று மட்டும் போட்டிருந்தால் என்ன படித்தவர் என்று கேளுங்கள், கேட்பதில் தப்பில்லை. உங்களைப் பரிசோதிக்கும் முன்பே பேக்கேஜ் பேசுகிற இடத்தில் உட்காராதீர்கள்.

ஓ.பி. காலையில்தான், சீட்டு வரிசை நீளும். வாரவிடுமுறை நாளில், சாப்பிட்டுவிட்டு, மேக்கப் இல்லாமல் போங்கள். இதுவரை போட்ட க்ரீம், மாத்திரை எல்லாவற்றையும் ஒரு கவரில் போட்டு எடுத்துப் போங்கள், ஃபேர்னஸ் க்ரீம் உட்பட.